பதினாலு வளைவும் ஒரு பென்டிரைவும்

(மூன்றாம் ஆண்டு மாணவன், மின்னணுவியல் துறை)



ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று பேரவைச் செயலாளர் கேட்டபோது, "கவிதை தரட்டுமா?" என்றேன். "ஐயோ, கவிதை ஏற்கெனவே முப்பது வந்திருக்குப்பா. உனக்குத் தெரிஞ்ச விஷயத்தை எழுது" என்றார். எனக்கு நன்றாகத் தெரிந்தது இரண்டே விஷயம். ஒன்று, நான் தினமும் இறங்கி ஏறும் ஏலகிரி மலைப்பாதை. இன்னொன்று, லினக்ஸில் ஒரு மென்பொருளைப் போடுவதற்கு நான் பட்ட பாடு. இரண்டுமே வளைந்து வளைந்து போகிற சமாச்சாரம்தான். ஆகவே சேர்த்தே எழுதுகிறேன். பொறுமையோடு படியுங்கள்.

நடந்தது இதுதான்

எங்கள் குழுவின் புராஜெக்ட் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் கரைந்துள்ள உப்பை அளக்கும் கருவி. பாலாற்றங்கரை ஊர்களில் பிறந்த நம்மில் யாருக்கும் இந்தத் தலைப்பை விளக்க வேண்டியதில்லை. தோல் பதனிடும் கழிவுநீர் பற்றிய வேலூர் மக்கள் நல மன்றத்தின் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996-ல் தீர்ப்புச் சொன்னது. நாமெல்லாம் பிறப்பதற்கு முந்தைய தீர்ப்பு. இன்றும் வீட்டில் குடம் வைக்கும்போது "இது எந்தத் தண்ணி?" என்று கேட்டுவிட்டுத்தான் குடிக்கிறோம். குடிநீரில் கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும் என்பது இந்தியத் தர அளவு. வேறு தண்ணீரே இல்லாவிட்டால் 2000 வரை போகலாம். அதைக் காட்டுகிற ஒரு ஆர்டுயினோ போர்டு, ஒரு சென்சார், ஒரு சின்னத் திரை. இவ்வளவுதான் எங்கள் கருவி.

போர்டுக்குப் புரோகிராம் ஏற்றும் மென்பொருளை வெள்ளிக்கிழமை கீழே இறக்கி, பென்டிரைவில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். புலவர்கள், வள்ளல்கள் பெயர் வைத்த பதினாலு கொண்டை ஊசி வளைவும் தாண்டி வீட்டுக்கு வந்தேன். என்னிடம் இருப்பது அக்காவுக்குப் பிளஸ் டூவில் கிடைத்த பழைய இலவச லேப்டாப். விண்டோஸ் அதில் மூச்சு வாங்கியதால் லினக்ஸ் போட்டு வைத்திருந்தேன். கோப்பை இரண்டு முறை தட்டினேன். ஒன்றும் நடக்கவில்லை. எர்ரர் கூட வரவில்லை! மாட்டுக்கு முன்னால் வீணை வாசித்த கதைதான்.

பிறகு தெரிந்தது: அந்தக் கோப்புக்கு முதலில் 'இயங்கலாம்' என்று நாமே அனுமதி கொடுக்க வேண்டும். கொடுத்தேன். அப்போதும் பேச்சில்லை. டெர்மினலில் ஓட்டிப் பார்த்தால், 'ஃபியூஸ்' என்ற நூலகத்தின் பழைய பதிப்பு இல்லையாம். அதை இறக்க நெட் வேண்டும். எங்கள் தெருவில் சிக்னல் கிடைக்க மாமா வீட்டுப் பலா மரத்தடிக்குப் போக வேண்டும். போனேன், இறக்கினேன். மென்பொருள் திறந்தது. போர்டைச் செருகினால் 'அனுமதி மறுப்பு'. 'டயல்அவுட்' என்ற குழுவில் என் பெயரைச் சேர்க்க வேண்டுமாம். மோடம் வைத்து டயல் செய்த காலத்துப் பெயர்! சேர்த்து, வெளியே போய் உள்ளே வந்தேன். இப்போது போர்டே காணோம்! பார்வையற்றோர் பயன்படுத்தும் பிரெய்ல் கருவிக்கான ஒரு சேவை உள்ளே ஓடிக்கொண்டிருந்தது. நம்முடைய மலிவு விலை போர்டில் இருக்கும் சிஹெச்340 சிப்பைப் பார்த்து, 'இது என் கருவி' என்று அது பிடித்து வைத்துக்கொண்டிருந்தது. அந்தச் சேவை தேவையான சேவை, அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அது நடந்ததை எனக்கு யார் சொன்னது? ஞாயிறு ராத்திரி வரை யாருமே சொல்லவில்லை.

திங்கட்கிழமை ரிவியூ. என் நண்பன் தன் விண்டோஸ் லேப்டாப்பில் ஒரு டிரைவர் போட்டான், ரெண்டு கிளிக், பத்தே நிமிடத்தில் விளக்கு மினுக்கினான். "மச்சான், லினக்ஸ் எல்லாம் பெரிய பெரிய ஆளுங்களுக்குடா. நமக்கு எதுக்கு?" என்றான்.

தோழர்களே, அந்தக் கேள்விக்குப் பதில்தான் இந்தக் கட்டுரை.

ரேஷன் கடையும் வெளிக்கடையும்

லினக்ஸில் எதுவுமே போட முடியாது என்று சொன்னால் அது பொய். டெபியன், உபுண்டு, ஃபெடோரா என்று ஒவ்வொரு லினக்ஸுக்கும் ஒரு களஞ்சியம் உண்டு. அதை நம்மூர் ரேஷன் கடை என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே உள்ள சரக்கு எல்லாம் சோதித்து வைத்தது. அட்டையை நீட்டினால் அரிசி கிடைப்பது போல, ஒரு வரி கட்டளையில் மென்பொருள் வந்துவிடும். அதற்கு வேண்டிய துணை நூலகங்களும் தானாகவே வரும். டெபியனில் இந்த வசதி 1999-லிருந்தே 'ஆப்ட்' என்ற பெயரில் இருக்கிறது. விண்டோஸ்காரர்கள் அப்போது சி.டி.யைத் தேடிக்கொண்டிருந்தார்கள் என்பதையும் மறந்துவிட வேண்டாம்.

சிக்கல் எங்கே? ரேஷன் கடையில் இல்லாத பொருள் வேண்டும்போதுதான். களஞ்சியத்துக்கு வெளியே வேறு ஒருவர் செய்த மென்பொருள், அல்லது களஞ்சியத்தில் இருப்பதைவிடப் புதிய பதிப்பு. அங்கேதான் நாம் கொண்டை ஊசி வளைவில் மாட்டிய லாரி மாதிரி முன்னும் போகாமல் பின்னும் போகாமல் நிற்கிறோம்.

காரணம் எளிது. மென்பொருள் ஒன்று, லினக்ஸ் பல. டெபியன் குடும்பத்துக்கு 'டெப்' பொட்டலம், ரெட் ஹாட் குடும்பத்துக்கு 'ஆர்பிஎம்' பொட்டலம். ஒரே குடும்பத்திலும் இந்த ஆண்டுப் பதிப்பில் இருக்கும் நூலகம் அடுத்த பதிப்பில் இருக்காது. செய்தவர் எத்தனை பொட்டலம்தான் கட்டுவார்?

இது நம்மைப் போன்ற கற்றுக்குட்டிகளின் புலம்பல் மட்டும் என்று நினைக்காதீர்கள். லினக்ஸ் கெர்னலை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸே 2014-ல் அமெரிக்காவின் போர்ட்லாண்டில் நடந்த டெபியன் மாநாட்டில் இதையேதான் சொன்னார். கடலில் மூழ்கி நீந்துபவர்களுக்காக அவர் தொடங்கிய 'சப்சர்ஃபேஸ்' என்ற மென்பொருளை விண்டோஸுக்கும் மேக்குக்கும் கட்டிக் கொடுப்பது சுலபமாக இருக்கிறது, லினக்ஸுக்குக் கட்டுவதுதான் தொல்லை என்று வருத்தப்பட்டார். அவருக்கே இந்தக் கதி என்றால் ஆத்தனாவூர்க்காரன் கதி என்ன?

ஷூ பெட்டி சொல்லும் பாடம்

நம் வகுப்பில் பாதிப் பேர் வீட்டில் யாராவது ஒருவர் ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைப் பக்கம் தோல் அல்லது ஷூ கம்பெனியில் வேலை பார்ப்பவர்தான். ஏற்றுமதிக்குப் போகும் ஷூ பெட்டியைப் பார்த்திருப்பீர்கள். ஒரே ஷூ. பெட்டியின் ஓரத்தில் இங்கிலாந்து அளவு 8, ஐரோப்பா அளவு 42 என்று பக்கத்தில் பக்கத்தில் அச்சடித்திருக்கும். வாங்குகிறவர் எந்த நாட்டுக்காரராக இருந்தாலும் கணக்குப் போட வேண்டாம். அந்தக் கணக்கைச் செய்தவரே போட்டுவிட்டார்.

என் கருத்தும் இதுதான். எந்த நூலகம், எந்தப் பதிப்பு, எந்தக் குழு என்ற கணக்கை, மென்பொருளைச் செய்தவரும் லினக்ஸைக் கட்டுபவரும் தங்களுக்குள் போட்டு முடிக்க வேண்டும். அதைப் பயன்படுத்துபவர் தலையில் கட்டக் கூடாது.

முயற்சி செய்யாமல் இல்லை. எல்லா லினக்ஸுக்கும் பொது அளவு வைக்கலாம் என்று 2001-ல் 'லினக்ஸ் ஸ்டாண்டர்ட் பேஸ்' வந்தது. எல்லோரும் அதைக் கடைப்பிடிக்கவில்லை. 2015-ல் டெபியனே அதைப் பெரும்பாலும் கைவிட்டது. 2004-ல் 'கிளிக்' என்ற பெயரில் தொடங்கி இன்று 'ஆப்இமேஜ்' என்று வளர்ந்திருக்கும் முறையில், மென்பொருள் முழுவதும் ஒரே கோப்புக்குள் அடங்கிவிடும். நான் மலை ஏற்றியது அப்படிப்பட்ட கோப்பைத்தான். பிறகு உபுண்டுக்காரர்களின் 'ஸ்னாப்', அதே காலத்தில் 'ஃபிளாட்பேக்'. இவை இரண்டும் மென்பொருளை ஒரு வேலிக்குள் வைத்து ஓட்டப் பார்க்கின்றன. நல்ல யோசனை. ஆனால் ஃபிளாட்பேக்கில் முதல் மென்பொருளைப் போடும்போது அதன் அடித்தளமும் சேர்ந்து நூற்றுக்கணக்கான எம்.பி. இறங்கும். கீழே கல்லூரி வைஃபையில் அது ஒரு டீ குடிக்கும் நேரம். மேலே பலா மரத்தடியில் அது ஒரு நாள் டேட்டா!

ஆக, ஒரு தொல்லையைத் தீர்க்க மூன்று மருந்து வந்திருக்கிறது. எந்த மருந்தை எடுப்பது என்பதே இப்போது நாலாவது தொல்லை.

"கஷ்டமா இருந்தாத்தான் பாதுகாப்பு"

இந்த விஷயத்தை லேபில் பேசியபோது எங்கள் ஆசிரியர் ஒருவர் எதிர்க்கேள்வி போட்டார். "தம்பி, எவன் கொடுத்த கோப்பையும் ரெண்டு கிளிக்குல போட முடிஞ்சதாலதானே விண்டோஸ்ல இவ்வளவு வைரஸ்? லினக்ஸ்ல கொஞ்சம் கஷ்டமா இருக்கிறதே ஒரு பூட்டு மாதிரிப்பா. அதை உடைக்கச் சொல்றியா?"

நியாயமான கேள்வி. 2018-ல் ஸ்னாப் கடையில் ஒரு சின்ன எண் விளையாட்டு இருந்தது. அதற்குள் யாரோ கிரிப்டோ நாணயம் தோண்டும் வேலையை ஒளித்து வைத்திருந்தது கண்டுபிடிக்கப்பட்டு, அதைத் தூக்கினார்கள். எளிதான கடையில் திருட்டுச் சரக்கும் எளிதாக நுழையும் என்பது உண்மைதான்.

ஆனால் சாரிடம் நான் என் ஞாயிற்றுக்கிழமையைச் சொன்னேன். அந்த ஒரு நாளில் எங்கெங்கோ கிடைத்த கட்டளைகளை எட்டு முறையாவது டெர்மினலில் ஒட்டினேன். ஒவ்வொன்றுக்கும் முன்னால் 'சூடோ'. அதாவது, வீட்டுச் சாவியைக் கொடுத்து 'எதை வேணா பண்ணிக்கோ' என்று சொல்லும் வார்த்தை. அதில் நான் புரிந்து ஒட்டியது எத்தனை? உண்மையைச் சொன்னால், ரெண்டு. மீதி ஆறும் கண்ணை மூடிக்கொண்டு போட்டது. அதில் ஒன்று விஷமாக இருந்திருந்தால்?

2021-ல் 'லினஸ் டெக் டிப்ஸ்' என்ற பெயரில் வீடியோ போடும் லினஸ் செபாஸ்டியன், 'பாப் ஓஎஸ்' என்ற லினக்ஸில் 'ஸ்டீம்' என்ற விளையாட்டு மென்பொருளைப் போடப் போனார். பொட்டலத்தில் அன்றைக்கு ஒரு கோளாறு. டெர்மினல் எச்சரித்தது, ஆனால் நீளநீளமான பட்டியலுக்கு நடுவே. அவர் கேட்டதைத் தட்டச்சு செய்தார். டெஸ்க்டாப்பே அழிந்துபோனது! உலகமே பார்த்துச் சிரித்தது. அதன் பிறகு ஆப்ட் செய்பவர்கள், முக்கியமான பொட்டலங்களை அவ்வளவு லேசில் நீக்க முடியாதபடி மாற்றினார்கள். கம்ப்யூட்டரிலேயே பிழைப்பு நடத்துபவருக்கு அப்படி என்றால், அவசரத்தில் ரிவியூவுக்கு ஓடும் மாணவனுக்கு?

ஆகவே நான் உறுதியாகச் சொல்வேன்: கஷ்டம் வேறு, பாதுகாப்பு வேறு. கஷ்டம் ஆளை யோசிக்க வைப்பதில்லை, களைப்படையத்தான் வைக்கிறது. களைத்தவன் எதற்கும் 'சரி' போடுவான். சரியான பூட்டு என்றால் சாவி வைத்திருப்பவனுக்குச் சுலபமாகத் திறக்க வேண்டும், திருடனுக்குத்தான் கஷ்டப்பட வேண்டும். இங்கே வீட்டுக்காரனே ஓடு பிரித்து இறங்கிக்கொண்டிருக்கிறான்!

எனக்கு வேண்டியது ஒரு திரை. வெளியிலிருந்து வந்த கோப்பைத் தட்டியதும் அது திறந்து, தமிழில், நாலே விஷயம் சொல்ல வேண்டும். இதைச் செய்தவர் யார், அவர் போட்ட மின்கையெழுத்து சரியாக இருக்கிறதா? இது உன் கணிப்பொறியில் எதையெல்லாம் தொடும்? இதற்கு இன்னும் என்ன வேண்டும், எத்தனை எம்.பி.? வேண்டாமென்றால் எப்படி நீக்குவது? ஓடாவிட்டால் 'ஏன் ஓடவில்லை' என்பதையும் அதே திரை சொல்ல வேண்டும். சும்மா இருப்பது பதில் ஆகாது.

பரணில் தூங்கும் லேப்டாப்புகள்

"இதெல்லாம் யாருக்குப்பா முக்கியம்?" என்று கேட்கலாம். நம் வீட்டுப் பரணை எட்டிப் பாருங்கள்.

2011 செப்டம்பரில் தமிழக அரசின் இலவச மடிக்கணினித் திட்டம் தொடங்கியது. பள்ளி மாணவர்களுக்கும், கல்லூரி, பாலிடெக்னிக் மாணவர்களுக்கும் எல்காட் மூலம் வாங்கிக் கொடுத்தார்கள். விண்டோஸோடு 'பாஸ் லினக்ஸ்' என்ற நம் நாட்டு லினக்ஸும் அதில் இருந்தது. பாஸ் என்பது டெபியனை அடிப்படையாக வைத்து சென்னை சி-டாக் மையம் உருவாக்கி 2007-ல் வெளியிட்டது. தமிழிலேயே திரை பார்க்கலாம். எல்காட் நிறுவனமும் சி. உமாசங்கர் மேலாண்மை இயக்குநராக இருந்த காலத்தில், 2006-07 வாக்கில், தன் கணிப்பொறிகளைச் சூசே லினக்ஸுக்கு மாற்றிக் காட்டியது. ஆக, தைரியத்துக்கு நம்மிடம் குறைவில்லை.

ஆனால் எங்கள் வீட்டில் அந்த பாஸை நாங்கள் ஒரு முறைகூடத் திறந்து பார்க்கவில்லை. அக்காவுக்கு வேண்டிய ஒரு மென்பொருளை அதில் போடத் தெரிந்தவர் எங்கள் ஊரில் யாரும் இல்லை. பென்டிரைவில் கைமாறி வந்த கோப்பெல்லாம் விண்டோஸுக்கானது. பிறகு எப்படித் திறப்போம்?

இப்போது நிலைமை மாறியிருக்கிறது. 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்துபோனது. பழைய லேப்டாப்புகளில் பெரும்பாலானவை விண்டோஸ் 11 கேட்கும் தகுதிக்கு எட்டாது. அக்காவுடைய லேப்டாப்பில் நினைவகம் 2 ஜி.பி.தான். அதை எடைக்குப் போடலாம். இல்லை, எடை குறைந்த ஒரு லினக்ஸைப் போட்டு, ஒரு தம்பிக்கோ தங்கைக்கோ படிக்கக் கொடுக்கலாம். அந்தத் தங்கை தனக்கு வேண்டிய மென்பொருளைத் தானே போட்டுக்கொள்ள முடியுமா முடியாதா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. முடியாவிட்டால் லேப்டாப் மறுபடி பரணுக்கே போகும்.

பக்கத்துக் கேரளத்தைப் பாருங்கள். அங்கே அரசுப் பள்ளிகளில் பல ஆண்டுகளாக லினக்ஸ்தான். பாடத்துக்கு வேண்டிய மென்பொருளை எல்லாம் 'கைட்' என்ற அரசு நிறுவனம் முன்கூட்டியே சேர்த்து, ஒரே தொகுப்பாகக் கொடுக்கிறது. கணக்கை அங்கே செய்தவரே போட்டுவிட்டார், நம் ஷூ பெட்டி மாதிரி! ஆனால் தொகுப்பில் இல்லாத ஒன்று வேண்டும் என்றால், அந்த மாணவனும் நம்மைப் போலத்தான் மரத்தடிக்குப் போக வேண்டும். ஆகவே தொகுப்பு பாதி மருந்துதான். மீதிப் பாதி, வெளிக்கடைச் சரக்கையும் சுலபமாகப் போட வழி செய்வது.

என்ன செய்யலாம்?

அரசுக்கு ஒரு வேண்டுகோள். 2025-26 பட்ஜெட்டில் கல்லூரி மாணவர்களுக்கு 20 லட்சம் கருவிகள் கொடுப்பதாக அறிவித்தார்கள். கருவியோடு, பாடத்துக்கு வேண்டிய லினக்ஸ் மென்பொருள்களை நெட் இல்லாமலே போடுகிற மாதிரி ஒரு களஞ்சியத்தையும் கொடுங்கள். அரசுப் பணத்தில் செய்யும் எந்த மென்பொருளாக இருந்தாலும், லினக்ஸில் ஓடும் ஒரு கோப்பும் சேர்த்துத் தர வேண்டும் என்று டெண்டரிலேயே எழுதுங்கள்.

நமக்கு நாமே சொல்லிக்கொள்ள வேண்டியதும் உண்டு. ரித்தேஷ் ராஜ் சர்ராஃப் என்ற இந்திய டெபியன் நிரலாளர் 'ஆப்ட்-ஆஃப்லைன்' என்று ஒன்று எழுதியிருக்கிறார். நெட் இல்லாத கணிப்பொறியில் 'எனக்கு இன்னின்ன வேண்டும்' என்று ஒரு பட்டியல் எடுக்கலாம். அதைப் பென்டிரைவில் கொண்டுபோய் நெட் உள்ள இடத்தில் எல்லாவற்றையும் இறக்கலாம். திரும்ப வந்து போட்டுக்கொள்ளலாம். எங்கள் மலைக்காகவே செய்தது போல இருக்கிறது! ஃபிளாட்பேக்கிலும் பென்டிரைவுக்கு எடுத்துச் செல்லும் வழி உண்டு. இருந்தும் நம்மில் யாருக்குத் தெரிந்தது? எனக்கே ரிவியூ முடிந்த பிறகுதான் தெரிந்தது.

ஆகவே நான் முன்வைக்கும் யோசனை இது. நம் லேபில் ஒரு 'மென்பொருள் அலமாரி' வைப்போம். ஒரு கணிப்பொறி, கொஞ்சம் பென்டிரைவ், ஒரு நோட்டுப் புத்தகம். ஒவ்வொரு துறையும் தன் பாடத்துக்கு வேண்டிய மென்பொருளை, அதைச் செய்தவரிடமிருந்தே நேராக எடுத்து, கையெழுத்தைச் சரிபார்த்து, துணை நூலகத்தோடு அதில் வைக்கட்டும். யார் எந்த எர்ரரில் மாட்டினார், எப்படி வெளியே வந்தார் என்பதைத் தமிழில் நோட்டில் எழுதட்டும். அடுத்த ஆண்டு வரும் ஜூனியர் எட்டு முறை கண்ணை மூடிக்கொண்டு 'சூடோ' போட வேண்டாம். அந்த எர்ரர்களை மென்பொருள் செய்தவருக்கும் எழுதி அனுப்புவோம். சுதந்திர மென்பொருளில் நாம் வாடிக்கையாளர் மட்டும் இல்லை, பங்காளியும்கூட. வாய் திறக்காத பங்காளிக்குப் பங்கு கிடைக்குமா?

முடிவாக...

என் போர்டு கடைசியில் ஓடியது. ரிவியூவில் அல்ல, அதற்கடுத்த வியாழக்கிழமை. எங்கள் தெருக் கிணற்றுத் தண்ணீரை ஊற்றியதும் திரையில் எண் மின்னியது. அம்மா எட்டிப் பார்த்து, "இதுக்காடா மூணு நாள் தூங்கல?" என்றார். "இல்லம்மா, இதைப் பண்றதுக்கு ஒரு மணி நேரம்தான் ஆச்சு. அந்த சாஃப்ட்வேரைப் போடத்தான் மூணு நாள்" என்றேன்.

தோழர்களே! "லினக்ஸ் பெரிய ஆளுங்களுக்கு" என்ற என் நண்பனுக்கு என் பதில்: காசு கொடுத்து வாங்க முடியாதவனுக்காக, பழைய மெஷினை வைத்துக்கொண்டு படிப்பவனுக்காகத்தான் அது முதலில் பயன்பட வேண்டும். அதற்கு நடுவே நிற்கும் வளைவுகளை நேராக்குவது நம் வேலையும்கூட. மலைக்குப் பாதை போட்டவர்கள் எல்லோரும் மலையில் பிறந்தவர்கள் இல்லை. ஆனால் பாதை வேண்டும் என்று முதலில் கேட்டவர்கள் மலையில் இருந்தவர்களாகத்தான் இருந்திருப்பார்கள்.

அலமாரிக்கு முதல் பென்டிரைவ் நான் தருகிறேன். நோட்டுப் புத்தகம் யார் தருகிறீர்கள்?